மகளின் வயலினுக்கு மெட்ரோனோம்: மூன்று வருட அனுபவம்

மகள் ஏழு வயதில் வயலின் கற்க ஆரம்பித்தாள். வீடு குளச்சலில், வகுப்பு சனிக்கிழமைதோறும் நாகர்கோவிலில். சேர்ந்த முதல் மாதமே டீச்சர் சொன்னார்: "சுருதி பரவாயில்ல, ஆனா தெரிஞ்ச இடம் வந்தா ஓடுறா. மெட்ரோனோம் வச்சுப் பழக்குங்க." ஒரே சீரான வேகத்தில் 'டிக், டிக்' என்று தாளம் தட்டும் கருவி அது.

முதலில் போனில் இலவச ஆப் போட்டோம். கணக்கு பிசகவில்லை. ஆனால் அழைப்பு வந்தால் தாளம் நின்றுவிடும், வாட்ஸ்அப் சத்தம் கேட்டால் அவள் கண் திரைக்குப் போய்விடும். வயலின் காதுக்குப் பக்கத்திலேயே ஒலிப்பதால் போனின் 'டிக்' அவளுக்குக் கேட்கவும் இல்லை. இரண்டே மாதத்தில் விட்டுவிட்டோம்.

அப்புறம் சாவி கொடுக்கும் கூம்பு வடிவ மெட்ரோனோம், 2,600 ரூபாய். 1815-இல் மெல்செல் என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய அதே ஊசல் முறைதான். அவளை மாற்றியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். அடி விழுவதற்கு முன்பே ஊசல் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. வில்லைத் திருப்பக் கை தயாராகிவிடுகிறது. விளக்கு மின்னும் கருவியில் இது கிடையாது. மின்னும்போது அடி விழுந்தாயிற்று.

தொல்லையும் உண்டு. சமதளத்தில் வைக்காவிட்டால் 'டிக்'குக்கும் 'டக்'குக்கும் நடுவே இடைவெளி மாறி நொண்டும். மழைத்தண்ணீர் வடிய எங்கள் வராந்தா தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள், அங்கே வைத்த அன்று கருவியே பழுது என்று நினைத்துவிட்டேன். ஒரு பக்கம் அட்டையை மடித்து வைத்ததும் சரியானது. கடற்காற்றில் இரண்டாம் வருடம் சாவித் தண்டில் துரு ஏறியது. இப்போது வாசித்து முடித்ததும் துணிப்பையில் போட்டு அலமாரிக்குள் வைக்கிறோம். வேகமும் நிமிடத்துக்கு 60, 63, 66, 69, 72, 76 அடி என்றுதான் ஏறும். அதன் மணி 2, 3, 4, 6 அடிகளுக்கு ஒருமுறை மட்டுமே அடிக்கும். கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைக்குக் கண்ட சாபு, மிஸ்ர சாபு தாளங்கள் வரும்போது 5, 7 எண்ண இது உதவாது.

போன வருடம் கிறிஸ்துமஸ் கொயரில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். பயிற்சிக்குக் கொண்டுபோக, இரண்டு பேட்டரி போடும் சின்ன டிஜிட்டல் ஒன்று வாங்கினேன். வயலின் பெட்டிக்குள்ளேயே அடங்கும், ஒன்றொன்றாக வேகம் கூட்டலாம், இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் பேட்டரியைக் கழற்றாமல் விட்டதால் கசிந்து தகடு பச்சை பூத்தது. எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தபின் வேலை செய்கிறது. குழந்தைக்கு வாங்கும்போது பட்டன்களை நீங்கள் அமுக்கிப் பார்க்காதீர்கள், பிள்ளையிடம் கொடுங்கள். வேகத்தைத் தானே மாற்றத் தெரிந்த பிறகுதான் என் மகள் என்னைக் கூப்பிடாமல் உட்கார்ந்து பழகினாள்.

புதுப் பாடம் என்றால் இன்றும் ஊசல்தான், 60-இல் தொடங்குகிறாள். வெளியே போனால் டிஜிட்டல். தம்பிக்கு இந்த வருடம் கீபோர்டு வாங்கியிருக்கிறோம். அதிலேயே மெட்ரோனோம் இருப்பதால் அவனுக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.