எச்.எஃப்.ஆர். 3டி: ஹாபிட் கிளப்பிய சண்டையும் திரையில் கிடைப்பதும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எச்.எஃப்.ஆர். (ஹை ஃப்ரேம் ரேட்), அதாவது வழக்கமான 24-க்குப் பதில் விநாடிக்கு 48 பிரேமில் (தனித்தனிப் படங்களில்) ஓடும் 3டி, வெட்டவெளியிலும் துரத்தல்களிலும் முழுக்க கணினியில் உருவான பாத்திரங்களிலும் பிரமாதம். அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் சொதப்பல். இதற்கு இடைப்பட்ட அனுபவம் பாதி படத்தையும் பாதி அரங்கின் புரொஜெக்டரையும் பொறுத்தது.

'தி ஹாபிட்: ஆன் அன்எக்ஸ்பெக்டெட் ஜர்னி' 2012 டிசம்பரில் வந்தது. பொது வெளியீட்டில் 48 பிரேமில் ஓடிய முதல் பெரிய ஸ்டுடியோ படம் அதுதான். ஆனால் சண்டை அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே ஆரம்பித்துவிட்டது. 48 பிரேமில் எடுக்கிறோம் என்று படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2011 ஏப்ரலில் அறிவித்ததும், போர்க்களக் காட்சிகள் மங்காது, 3டி தலைவலி தராது என்று ரசிகர்கள் கனவு காணத் தொடங்கினார்கள். 2012 ஏப்ரலில் லாஸ் வேகஸில் நடந்த திரையரங்கத் தொழில் மாநாடான சினிமாகானில் சுமார் 10 நிமிடக் காட்சிகளைத் திரையிட்டபோது அந்தக் கனவில் விரிசல் விழுந்தது. 'டிவி சீரியல் மாதிரி இருக்கிறது', 'செட்டில் நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது' என்ற குரல்கள் பரவின. காட்டியது நிறத் திருத்தமும் கிராஃபிக்ஸும் முடியாத காட்சிகள். 10 நிமிடத்தில் கண் பழகாது என்றார் ஜாக்சன். அதில் நியாயம் உண்டு. ஆனால் அடுத்து ஜூலையில் ரசிகர் விழாவான காமிக்-கானில் வழக்கமான 24 பிரேமில், 2டியில் காட்டியது சந்தேகத்தைத் தணிக்கவில்லை, வளர்த்தது. அந்த மாதக் கடைசியில் இரண்டு படமாகத் திட்டமிட்ட ஹாபிட் மூன்று படமானதும் புலம்பல் வேறு பக்கம் திரும்பியது.

அத்தனை வாதத்திலும் 24, 48 என்ற எண்களே அடிபட்டன. படத்தின் தோற்றத்தை அதே அளவுக்குத் தீர்மானிக்கும் ஷட்டரைப் பற்றி, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் கேமரா எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுகிறது என்பதைப் பற்றி, பேசியவர்கள் குறைவு.

12 மீட்டர் அகலத் திரையை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரை 2 விநாடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுகிறது. 24 பிரேமில் அது ஒவ்வொரு பிரேமுக்கும் 25 செ.மீ. தாவும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை டிகிரியில் சொல்வார்கள்; 360 என்றால் பிரேமின் முழு நேரமும். வழக்கமான 180 டிகிரி ஷட்டரில் ஒரு பிரேம் ஒளிபடும் நேரம் விநாடியில் 48-இல் ஒரு பங்கு. எனவே 12.5 செ.மீ. தூரத்துக்கு உருவம் இழுபட்டுப் பதியும், மீதி 12.5 செ.மீ. வெற்றிடம். நமக்குப் பழகிய 'சினிமாத் தோற்றம்' இந்த இழுபடலும் வெற்றிடமும் சேர்ந்ததுதான். ஹாபிட்டில் ஷட்டர் 270 டிகிரி, ஒளிபடும் நேரம் விநாடியில் 64-இல் ஒரு பங்கு. 48 பிரேமில் தாவல் 12.5 செ.மீ., இழுபடல் சுமார் 9.4, வெற்றிடம் 3 செ.மீ. சொச்சம். கண் அந்த இடைவெளியைக் கிட்டத்தட்டக் கவனிப்பதே இல்லை. அசைவு வழுக்கிக்கொண்டு போகிறது.

அப்படியானால் 180 டிகிரியே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். பெரும்பாலான அரங்குகளில் 24 பிரேம்தான் ஓடியாக வேண்டியிருந்தது. 48-இல் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்தால் 24 கிடைக்கும். ஆனால் 180 டிகிரியில் எடுத்திருந்தால் அந்த 24 பிரேம் பதிப்பு வெட்டி வெட்டி ஓடும். 270 என்பது இரண்டு பதிப்புக்கும் பொதுவாகச் செய்துகொண்ட சமரசம். அப்போதும் கணக்குப்படி அந்த 24, 135 டிகிரி ஷட்டருக்குச் சமம். இழுபடல் 9.4, வெற்றிடம் 15.6 செ.மீ. சாதாரணப் பதிப்பில் கேமரா வேகமாகத் திரும்பும் இடங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உதறுவது இதனால்தான். பழையபடி 24-இலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றவர்களுக்கும் முழுசாகப் பழையது கிடைக்கவில்லை.

இனி சீரியல் தோற்றத்துக்கு வருவோம். மேக்கப், விக், செட் பூச்சு, விளக்கு எல்லாமே பல பத்தாண்டுகளாக 24 பிரேமின் மங்கலை நம்பி வளர்ந்த தொழில்கள். அசையும் முகத்தில் மங்கல் குறைந்தால் ஒட்டுத்தாடியின் ஓரமும் சிலிக்கோன் மூக்கின் வழவழப்பும் அப்படியே தெரியும். ஜன்னல் வழியே வரும் 'வெயில்' விளக்கு என்பதும் தெரியும். தொலைக்காட்சி வீடியோவோ நெடுங்காலமாக விநாடிக்கு 50 அல்லது 60 புலங்களாக (ஒன்றுவிட்டு ஒரு வரி கொண்ட அரைப் படங்களாக) ஓடியது. அதனால் வழுக்கும் அசைவைப் பார்த்ததும் மனசு அதை டிவி என்று முத்திரை குத்திவிடுகிறது. ஆட்கள் வேகமாக ஓட்டியதுபோல் நடப்பதாகத் தோன்றும் பிரமையும் பலருக்கு வருகிறது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இந்தப் படம் மாட்டிக்கொண்டது. 169 நிமிடப் படத்தின் முற்பகுதியில் கணிசமான நேரம் கதாநாயகன் பில்போவின் வீட்டுக்குள் கழிகிறது. மஞ்சள் வெளிச்சம், மர உள்ளறை, 13 குள்ளர்களின் தாடி, சாப்பாட்டு மேசை. இந்த வடிவத்தின் பலவீனங்கள் அனைத்தும் ஒரே அறையில், கண் பழகுவதற்கு முன்னால். பூதங்களின் குகைக்குள் நடக்கும் ஓட்டமும் கழுகுகளின் பறத்தலும் முதலில் வந்திருந்தால் விவாதமே வேறு மாதிரி போயிருக்கும். கோலம் (Gollum) என்ற கணினிப் பாத்திரம் வரும் விடுகதைக் காட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் 48-க்கு முழு மதிப்பெண். கணினி உருவத்துக்கு ஒட்டுத்தாடிப் பிரச்சினை இல்லை. கண்ணிமையின் துடிப்பு வரை தெளிவாகத் தெரிகிறது.

3டி-க்கு இதனால் உண்மையான லாபம் உண்டு. 24 பிரேம் 3டி-யில் புரொஜெக்டர் ஒவ்வொரு பிரேமையும் கண்ணுக்கு மூன்று முறை மின்னவிடும். அசையும் கண் ஒரே படத்தை மூன்று முறை வாங்குவதால் வேகமான பொருள்களின் ஓரம் இரட்டித்தும் மும்மடங்காகியும் தெரியும். ஆழத்தைக் கணிக்க மூளை திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 48-இல் இரண்டு மின்னலே போதும், ஓரங்கள் ஒட்டிக்கொள்கின்றன.

அரங்கில் கவனிக்க வேண்டியவை சில. எச்.எஃப்.ஆர். 3டி-க்கு படத் தரவைப் படித்துக் காட்டும் மீடியா பிளாக் என்ற கருவி புரொஜெக்டருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். வெளியே இருக்கும் பழைய சர்வரின் கேபிள் இத்தனை தரவைத் தாங்காது. முதல் தலைமுறை டிஜிட்டல் புரொஜெக்டர்களால் இது முடியாமல் போனது அதனால்தான். எனவே '3டி' என்ற போஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம், டிக்கெட்டில் எச்.எஃப்.ஆர். என்று இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது தூண், மரம் போன்ற செங்குத்துக் கோடுகளைக் கவனியுங்கள். கோடு உதறாமல் ஒற்றையாக நகர்ந்தால் 48. இரண்டு மூன்றாகப் பிரிந்து தாவினால் 24.

அடுத்தது வெளிச்சம். திரை வெளிச்சத்தை ஃபுட்-லாம்பர்ட் என்ற அலகில் அளப்பார்கள். 2டி-க்கான தரநிலை 14. 3டி-யில் பல அரங்குகள் 4-ஐ ஒட்டியே நிற்கின்றன. மங்கலான திரையில் 48 பிரேம் தரும் தெளிவு பாதிக்குமேல் வீண். பெரிய திரையைவிட நல்ல விளக்குள்ள நடுத்தரத் திரை மேல். இருக்கை நடுவில் இருக்கட்டும். உதறல் இல்லாததால் வழக்கத்தைவிட இரண்டு மூன்று வரிசை முன்னால் உட்காரலாம்.

ஒரு படத்தை முதல் தடவை பார்க்கிறீர்கள், கதைதான் முக்கியம் என்றால் 24 பிரேம் 2டி போதும். 3டி-தான் என்று முடிவு செய்துவிட்டால் எச்.எஃப்.ஆர். இருக்க வேறு 3டி-க்குப் போகாதீர்கள். முழுக்க 48 உறுத்தும் என்று நினைப்பவர்களுக்கு 2022-இல் வந்த 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' கையாண்ட வழி பொருந்தும். நீருக்கடிக் காட்சிகளுக்கும் வேகத்துக்கும் 48, மற்ற இடங்களில் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை ஓட்டி 24-இன் தோற்றம். யோசனை நல்லது. ஆனால் மாறும் கணம் சிலருக்கு நன்றாகவே தெரிகிறது, ஒருமுறை பிடிபட்டால் அப்புறம் கண் அதையே தேடும். 2019-இன் 'ஜெமினி மேன்' 120 பிரேம் வரை போனது. அந்த வேகத்தில் முழுமையாகக் காட்டக்கூடிய அரங்குகளோ மிகச் சிலவே.

வீட்டில் இந்தப் பதிப்பைத் தேட வேண்டாம். ப்ளூ-ரே, 4கே ப்ளூ-ரே இரண்டின் தரநிலையிலும் 48 பிரேம் கிடையாது. வட்டில் இருப்பது 24 மட்டுமே. டிவியின் அசைவு மென்மையாக்கலை முடுக்கி 48-ஐ வரவழைக்கலாம் என்ற யோசனை அடிக்கடி கிளம்புகிறது. அது இல்லாத பிரேமைக் கணித்துச் செருகும் வேலை. வாள் வீச்சிலும் விரல்களைச் சுற்றியும் ஒளிவட்டம் கிளம்பும், வேலிக்குப் பின்னால் ஓடுபவர் கிழிந்து தெரிவார். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர்தான் வேறு. அணைத்துவிடுங்கள், அல்லது இந்த மென்மையாக்கலை அணைத்தே வைக்கும் ஃபிலிம்மேக்கர் மோடுக்குப் போங்கள். ஓஎல்இடி திரையில் பிக்சல் சட்டென்று மாறுவதால் 24-இன் உதறல் கூடுதலாக உறுத்தும். அதற்கு மட்டும் டி-ஜடர் என்ற உதறல் குறைப்பு அமைப்பை 2 அல்லது 3-இல் வைக்கலாம், அதைத் தாண்டினால் சீரியல் தலைகாட்டும். பிளேயரின் வெளியீடு 24-இல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 60-இல் இருந்தால் ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக ஓடி, திரும்பும் கேமரா நொண்டும்.