வலிக்காத பல்லுக்கு டாக்டர் எதற்கு என்று நினைத்திருந்தேன்

நான்கு வார விடுப்பில் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போன முதல் நாளே அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முன்பல்லில் இந்தச் சந்து போன தடவை இல்லையே?" நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிற வாய்தான். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் அதற்கு வெகு முன்பே வந்திருந்தன. பல் துலக்கித் துப்பும்போது லேசாகச் சிவப்பு தெரியும். பிரஷ் முரடாக இருக்கிறது என்று மென்மையான பிரஷுக்கு மாறினேன். ரத்தம் வந்த இடங்களைத் தொடாமல் துலக்கப் பழகினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. அங்கே அழுக்குப் படலம் தேங்கித்தான் ரத்தமே வருகிறது. அந்த இடத்தைத்தான் இன்னும் நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும். காலையில் எழுந்தால் வாயில் ஒரு கெட்ட சுவை. கீழ்வரிசைப் பற்கள் கொஞ்சம் நீண்டது போல ஒரு தோற்றம். பல் வளரவில்லை, ஈறுதான் கீழே இறங்கியிருக்கிறது. இவ்வளவு நடந்தும் ஒரு நாள்கூட வலித்ததில்லை. அதனால் இருக்கிற நாட்டில் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஊரில் முதலில் போன கிளினிக்கில் மரியாதையாக நடத்தினார்கள், காக்க வைக்கவும் இல்லை. பல்லில் இறுகிப் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் அரை மணி நேரத்தில் முடிந்து பல் பளபளத்தது. ஆனால் ஈறின் ஆழத்தை யாரும் அளக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை. சந்தைப் பற்றிக் கேட்டதற்கு "வயசானால் வரும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வயதானால் பற்களுக்கு நடுவே தானாகச் சந்து விழ வேண்டும் என்று ஒன்றும் கட்டாயம் இல்லையே.

அடுத்த வாரம் ஈறு நோய்க்கென்றே படித்த சிறப்பு மருத்துவரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் அவர் கேட்டவை: சர்க்கரை இருக்கிறதா, புகைப்பீர்களா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் தீவிரமாகும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற அழுத்த மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். புகை விஷயம் எனக்கு முற்றிலும் புதிது. கூட வந்த அண்ணன் புகைப்பவர். "எனக்கெல்லாம் ஈறில் ரத்தமே வராது டாக்டர்" என்றார். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ரத்தம் வராமல் இருக்கலாம், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அண்ணனும் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

அப்புறம் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி அளந்தார். உதவியாளர் எண்களை எழுதிக்கொண்டே போனார். மூன்று வரை பயமில்லை. நான்கு என்றால் கவனிக்க வேண்டும். ஆறும் அதற்கு மேலும் ஆழமான பை, அதாவது ஈறு பல்லை விட்டுப் பிரிந்து விழுந்த பள்ளம். அங்கே நம் பிரஷ் எட்டவே எட்டாது. எனக்குப் பல இடங்களில் ஐந்து, சில இடங்களில் ஆறு. சந்து விழுந்த பல்லின் ஓரம் ஏழு. எக்ஸ்ரேயில் அந்தப் பல்லைத் தாங்கும் எலும்பு இறங்கியிருந்தது. பிடிமானம் குறைந்ததால்தான் பல் விலகியிருக்கிறது.

ஈறு வெறுமனே சிவந்து வீங்கி ரத்தம் வருகிற கட்டத்தில் இருந்தால் முழுதாகத் திரும்பி வந்துவிடலாம். 1965-இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். மூன்று வாரங்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் சில நாட்களில் சரியாகிவிட்டது. எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் கதை வேறு. நோயை நிறுத்தலாம், போன எலும்பு பெரும்பாலும் பழையபடி வராது. இரண்டு வருடமாகத் துப்பிக் கழுவிவிட்ட அந்தச் சிவப்பை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரைக்கும் இரண்டு நாளாகச் சுத்தம் செய்தார்கள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று வீட்டில் பயந்தார்கள். உண்மையில் பல்லிடுக்கில் காரை அடைத்திருந்த இடம் காலியாகி, வீக்கமும் வற்றுவதால் இடைவெளி தெரிகிறது, பல் கூசுகிறது. சுத்தம் செய்ததால் எலும்பு குறைவதில்லை.

விடுப்பில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆழமான சுத்தத்துக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களிலாவது மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அதற்குள் நம் விமானம் கிளம்பிவிடும். அதனால் போன முதல் வாரத்திலேயே காட்டுங்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அந்த எண்கள் எழுதிய அட்டவணையையும் எக்ஸ்ரேயையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். நான் கொண்டுவந்ததை வைத்துத்தான் இங்குள்ள டாக்டர் இரண்டாவது அளவை ஒப்பிட்டார். ஐந்துகள் பெரும்பாலும் மூன்றாகியிருந்தன. ஏழு ஐந்துக்கு வந்திருக்கிறது. பல் இடுக்குக்கான சின்ன பிரஷை இரவில் தவறாமல் உள்ளே விடுகிறேன். இப்போது அதில் சிவப்பு ஒட்டுவதில்லை. சந்து அப்படியே இருக்கிறது. அந்த ஒரு இடத்தை மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கிறார்கள்.