கம்பெனி ரிம்மிலேயே ஆட்டோகிராஸ்: 185, 195, 205, எந்த டயர் சரி?

ஷோரூமிலிருந்து வந்த அதே 15 அங்குல ரிம்மில் நல்ல பிடிப்புள்ள டயர் போட்டு ஆட்டோகிராஸ் (கோன்களுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் பந்தயம்) ஓட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "205 மி.மீ. அகல டயர் ஏறுமா?" என்றுதான். ஏறும். டயர் கடைக்காரர் மெஷினில் வைத்து ஏற்றிக் கொடுத்துவிடுவார். ஆனால் ஏறின டயர் வளைவில் ஒழுங்காக வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் ரிம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது.

வீலைக் கழற்றித் திருப்பிப் போட்டு, ஸ்போக்கின் பின்பக்கம் படிந்திருக்கும் பிரேக் தூசியைத் துடைத்துப் பாருங்கள். 15 என்ற விட்டத்தோடு சேர்ந்து 5, 5½, 6 இவற்றில் ஏதோ ஒன்று ஜே எழுத்தோடு இருக்கும். அதுதான் ரிம்மின் அகலம், அங்குலக் கணக்கில். பக்கத்திலேயே ஈ.டி என்று ஆரம்பிக்கும் எண் ஆஃப்செட், அதாவது வண்டியில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது. இந்த இரண்டையும் போனில் படம் பிடித்துக்கொண்ட பிறகு டயர் விலை விசாரிக்கப் போகலாம். ஒரே மாடலில்கூட வருடத்துக்கு வருடம், வேரியன்ட்டுக்கு வேரியன்ட் ரிம் அகலம் மாறும். நண்பரின் காரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

இங்கே பேசுவது தார், கான்கிரீட் தரையில் கோன் வைத்து ஓடும் ஆட்டோகிராஸ் பற்றி. நம் ஊரில் அதே பெயரில் மண் தரையிலும் நடத்துகிறார்கள். அதற்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ்: கம்பெனி அளவிலேயே, உயரமான, உறுதியான சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உள்ள டயர்தான் நல்லது. தாரைக் கவ்விப் பிடிக்கும் மென்மையான ரப்பர் கொண்ட 'ஒட்டும்' டயருக்கு அங்கே வேலையே இல்லை.

கணக்குக்கு இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். 185/65 ஆர்15 என்றால் டயர் அகலம் 185 மி.மீ., சைடுவால் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ 185/65 ஆர்15-இல் வருகிறது. போலோ ஹைலைன் 185/60 ஆர்15-இல் வந்தது. கீழே உள்ள உயரம் கணக்கில் வருவது. பிராண்டுக்குப் பிராண்ட் சில மி.மீ. மாறும்.

| அளவு | மொத்த உயரம் | ஏற்கும் ரிம் அகலம் | வழக்கமான சுமை எண் |
|---|---|---|---|
| 185/65 ஆர்15 | 622 மி.மீ. | 5 முதல் 6½ | 88 |
| 185/60 ஆர்15 | 603 மி.மீ. | 5 முதல் 6½ | 84 |
| 195/60 ஆர்15 | 615 மி.மீ. | 5½ முதல் 7 | 88 |
| 195/55 ஆர்15 | 596 மி.மீ. | 5½ முதல் 7 | 85 |
| 195/50 ஆர்15 | 576 மி.மீ. | 5½ முதல் 7 | 82 |
| 205/50 ஆர்15 | 586 மி.மீ. | 5½ முதல் 7½ | 86 |

ரிம் 5 ஜே என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. 185-க்கு மேல் போக வழியில்லை. அதே அளவில் நல்ல ரப்பர் உள்ள டயராகப் பார்த்து வாங்குங்கள். 14 அங்குல ஸ்டீல் ரிம்மில் 165/80 ஓட்டுபவர்களுக்கும் இதே மாதிரிதான்: 5 ஜே ரிம்மில் 185/65 ஆர்14 உட்காரும், வண்டி 12 மி.மீ. தாழும், கார் பழையதைவிட நிதானமாக வளையும்.

5½ ஜேயிலும் 6 ஜேயிலும்தான் உண்மையான போட்டி.

195-க்கும் 205-க்கும் நடுவே

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அகலம் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் அளந்தது. 205/50-ஐ அளப்பது 6½ அங்குல ரிம்மில். அங்கே அதன் அகலம் சுமார் 214 மி.மீ. ரிம் அரை அங்குலம் குறுகினால் டயர் சுமார் 5 மி.மீ. குறுகும். அப்படியானால் 5½ ஜேயில் அது 204. 195/55-ஐ அளப்பது 6 அங்குல ரிம்மில், 201 மி.மீ. 5½ ஜேயில் 196. ஆக, காகிதத்தில் 10 மி.மீ. கூடுதல் என்று வாங்குவது உங்கள் ரிம்மில் 8 மி.மீ.தான். அந்த எட்டும் பெரும்பாலும் சைடுவால் பிதுக்கமாகத்தான் இருக்கும், தரையில் பதியும் அகலமாக வராது.

குறுகிய ரிம்மில் அகல டயரின் இரண்டு பீட்களும் (ரிம்மில் உட்காரும் ஓரங்கள்) உள்ளே நெருக்கப்படுகின்றன. சைடுவால் வெளியே பிதுங்குகிறது, ட்ரெட்டின் (தரையில் படும் பட்டையின்) நடுப்பகுதி மேடாகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் சைடுவால் சாய்ந்து, பிறகுதான் ட்ரெட் திரும்பும். நெடுஞ்சாலையில் இந்தத் தாமதம் தெரியாது. ஸ்லாலமில் கோனுக்குக் கோன் இடம் வலமாகத் திருப்பும்போது ஒவ்வொரு கோனிலும் இந்தத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும், நான்காவது கோனில் பின்பக்கம் இடித்துவிட்டுப் போகும். சாய்வைக் குறைக்கக் காற்றை ஏற்றினால் நடு மேடு இன்னும் உயர்ந்து, தரையில் பதியும் அகலம் குறையும். எந்த அகலத்துக்காகக் காசு கொடுத்தோமோ அதையே காற்று திருப்பி எடுத்துக்கொள்கிறது.

அதனால் 5½ ஜேயில் 205 வேண்டாம். அட்டவணைப்படி 5½ அனுமதிக்கப்பட்டதுதான், ஆபத்தும் இல்லை. ஆனால் அது கீழ் எல்லை, பந்தயத்துக்கு எல்லையில் நிற்கும் அளவு உதவாது. 6 ஜே ரிம்மில் 205/50 பிழைத்துக்கொள்ளும். அங்கும் அதே ரப்பரில் 195/55 கிடைக்கிறதென்றால் ஸ்டீயரிங் சட்டென்று பேசுவது 195-தான். தரை பெரிதாக, வளைவுகள் நீளமாக இருக்கும் மைதானத்தில் 205-க்குக் கொஞ்சம் லாபம். கோன்கள் நெருங்கிய மைதானத்தில் 195.

உயரம் குறைந்தால்

டயர் சின்னதானால் கியர் குட்டையாகும். ஸ்விஃப்டில் 205/50 போட்டால் உயரம் 5.7 சதவீதம் குறைகிறது. செகண்ட் கியர் லிமிட்டரை (இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பை) தொடும் வேகம் மணிக்கு 90 கி.மீ. என்றால் அது 85-க்கு இறங்கும். குறுகலான வளைவிலிருந்து கார் சுருக்கென்று கிளம்பும், அது லாபம். அதே தடத்தில் ஒரு நீளமான நேர்ப்பகுதி இருந்தால் நடுவில் தேர்டு போட வேண்டியிருக்கும், திரும்பச் செகண்டுக்கு வர வேண்டியிருக்கும். கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். 195/55-இல் இந்த இறக்கம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல், 195/60-இல் 1 சதவீதம். போலோவில் 195/55 வெறும் 1.2 சதவீதம்தான் மாறுகிறது. அந்தக் காருக்குத் தயக்கமே தேவையில்லை.

தரையிடைவெளி உயர வித்தியாசத்தில் பாதி குறையும். ஸ்விஃப்டில் 205/50 என்றால் 18 மி.மீ. 2018 ஸ்விஃப்டின் 163 மி.மீ. 145 ஆகிவிடும். நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் தெருமுனை வேகத்தடை ஒவ்வொன்றும் அடிவயிற்றைத் தட்டும்.

வடசென்னைக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வாரம் முழுக்க எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் ஓட்டுகிற காருக்கும், அண்ணாநகர் உள்தெருக்களில் ஓட்டுகிற காருக்கும் ஒரே அளவு சரிப்படாது. கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னால் போகும்போது பள்ளம் கண்ணில் படுவதே சக்கரம் இறங்கின பிறகுதான். 185/65-இல் சைடுவால் உயரம் 120 மி.மீ., 195/60-இல் 117, 195/55-இல் 107, 205/50-இல் 102. அந்த 18 மி.மீ. குறைவில் ரிம் உதடு வளைவதும், சைடுவாலில் கட்டி கிளம்புவதும் நடக்கும். கட்டி வந்த டயரைப் பந்தயத்துக்கு மட்டுமில்லை, பால் வாங்கவும் எடுத்துப் போகக் கூடாது. உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

சுமை எண்ணையும் பாருங்கள். 88 என்றால் டயர் ஒன்றுக்கு 560 கிலோ, 85 என்றால் 515, 82 என்றால் 475. கம்பெனி எண்ணுக்குக் கீழே இறங்காமல் இருப்பதுதான் முறை. போலோவுக்கு 84-லிருந்து 85-க்கும் 86-க்கும் போவதால் சிக்கலில்லை. ஸ்விஃப்டில் 88-ஐ விட்டுக்கொடுக்காதது 195/60 மட்டுமே. ஆகவே எங்கள் தீர்ப்பு இப்படி: போலோவுக்கு 195/55, அன்றாடத்துக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட். ஸ்விஃப்டுக்கு ஒரே செட் என்றால் 195/60. இரண்டாவது செட் ரிம் வைத்துக்கொள்ள வசதியிருந்தால் அதில் 195/55, ஓட்டுநர் மட்டும் போகும் நாட்களுக்கு. 195/50 இரண்டு காருக்கும் வேண்டாம்.

முன் இரண்டுக்கு மட்டும் 205, பின்னால் பழையதே என்ற யோசனை அடிக்கடி வரும். சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுத்தான் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது குழம்பும், எச்சரிக்கை விளக்கும் எரியலாம். நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

அளவைவிட ரப்பர்

ஆட்டோகிராஸில் ஒரு ஓட்டம் ஒரு நிமிடம் முன்னே பின்னே. சூடேறினால்தான் ஒட்டும் டோயோ ஆர்888ஆர் போன்ற பந்தய டயர் அந்த ஒரு நிமிடத்தில் விழிப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். மழையிலும் அதை நம்ப முடியாது. ட்ரெட்வேர் (தேய்மானம் தாங்கும் அளவைச் சொல்லும், பக்கவாட்டில் அச்சிட்ட எண்) 200-ஐ ஒட்டிய சாலை டயர்தான் இந்த விளையாட்டுக்குச் சரி. அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் நடத்தும் எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் ஸ்ட்ரீட் வகுப்பும் 200-க்குக் குறையக் கூடாது என்றுதான் விதி வைத்திருக்கிறது. அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துப் போடுவதால் இரண்டு பிராண்டுகளை அதை வைத்து ஒப்பிட முடியாது.

இனி கிடைக்கும் நிலவரம். 195/50, 205/50 இரண்டும் மாஸ்டா மியாட்டா போன்ற கார்களால் வெளிநாட்டில் பிரபலமான அளவுகள், அதனால் ஒட்டும் டயர் அதில் நிறைய உண்டு. யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி08ஆர் அந்த இரண்டோடு 195/55-இலும் வந்தது. ஆனால் 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதி உரிமக் கட்டுப்பாட்டுக்குள் போனபின் இவை நினைத்தபோது கிடைப்பதில்லை. உள்நாட்டுக் கம்பெனிகள் இங்கே கார்கள் எந்த அளவில் வருகின்றனவோ அந்த அளவில்தான் வார்க்கும். ஃபோர்டு ஃபிகோவின் மேல் வேரியன்ட்கள் 195/55 ஆர்15-இல் வந்ததால் அந்த அளவு இங்கே கடையில் கேட்டால் கிடைக்கும். பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்ஈ003 போன்ற பிடிப்பை முன்னிறுத்தும் டயர்களை இதில்தான் முதலில் தேட வேண்டும். 195/60-இல் ஒட்டும் ரப்பர் அரிது.

1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்த ஊர் இது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வருவதற்கு முன் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம் விமான ஓடுதளம்தான். டயர் பற்றிக் கேட்க விவரம் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் நிறையவே உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம். மூன்று வருடத்துக்கு மேல் குடோனில் கிடந்த ஒட்டும் டயர் ஒட்டாது. நம்மூர் வெயிலில் ரப்பர் சீக்கிரமே இறுகிவிடும். தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் அதைத் தொட வேண்டாம்.

மாட்டிய பிறகு

முதலில் ஒரு முன் டயரை மட்டும் ஏற்றி வண்டியில் மாட்டுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங் தட்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் பள்ளத்தில் இறங்கும்போது உரசும், சைடுவால் உட்பக்கமாக அறுபடும். வெளியே தெரியாத அறுப்பு என்பதால் மோசமானது. சரியாக இருந்தால் மற்ற மூன்றையும் ஏற்றச் சொல்லுங்கள். நட்டை நியூமேட்டிக் கன்னால் இறுக்கியதோடு விடாமல் டார்க் ரெஞ்ச் போடச் சொல்லுங்கள். போலோ போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். ஸ்விஃப்டுக்குக் கையேட்டில் உள்ளபடி.

காற்று. கேம்பர் (சக்கரத்தின் சாய்வுக் கோணம்) மாற்றாத முன்சக்கர இழுவைக் காரில் முன்னால் 40 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பிக்கலாம். பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச எண்ணைத் தாண்டக் கூடாது. ட்ரெட்டும் சைடுவாலும் சேரும் தோளில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அதன் மேல் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டுவிட்டு ஒரு ஓட்டம் ஓடுங்கள். சாக்பீஸ் முக்கோணத்தின் முனைவரை அழிந்திருந்தால் சரி. முனைக்கு மேலேயே நின்றுவிட்டால் 2 பி.எஸ்.ஐ. குறையுங்கள். முனையைத் தாண்டிச் சைடுவாலில் இறங்கியிருந்தால் 2 ஏற்றுங்கள். கார் முன்னால் வழுக்கிக்கொண்டே போனால் பின்னால் 2 முதல் 4 ஏற்றிப் பாருங்கள், வால் கொஞ்சம் சுழன்று உதவும். 30-க்குக் கீழே இறங்காதீர்கள். திடீர்த் திருப்பத்தில் பீட் ரிம்மை விட்டு நழுவி, ஒரே நொடியில் காற்று போய்விடும்.

வெப்பம் 5½ டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும். காலை எட்டு மணிக்கு வைத்த அழுத்தம் மே மாத மதியத்தில் செல்லாது. வெயில் பட்ட பக்க டயரில் நிழல் பக்கத்தைவிட அதிகம் காட்டும், ஓட்டம் ஓடாமலேயே. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் நான்கையும் அளந்து சமன் செய்யுங்கள். ஒட்டும் ரப்பர் அதிகம் சூடானால் பசைபோல வழுக்க ஆரம்பிக்கும், இரண்டு பேர் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டினால் இன்னும் சீக்கிரம். தோட்டத்துக்குத் தெளிக்கும் கை பம்பில் தண்ணீர் எடுத்துப்போய் ட்ரெட்டில் தெளித்தால் போதும்.

தேய்மானம் வெளித்தோளில்தான் முதலில் வரும், நடுவில் 5 மி.மீ. மிச்சமிருக்கும்போதே. அம்புக்குறி உள்ள டயராக இருந்தால் இடது ரிம்மிலிருந்து கழற்றி வலது ரிம்மில் ஏற்றலாம்: சுழலும் திசை மாறாது, தேய்ந்த தோள் உள்பக்கம் போய்விடும். வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும் டயரில் இந்த வழி கிடையாது, முன்னும் பின்னுமாக மாற்றிக்கொள்வதோடு சரி. இரண்டுக்கும் ஒரே விலை என்றால் அம்புக்குறி உள்ளதை எடுங்கள்.

தனி செட் வைத்திருந்தால் கறுப்புக் கவரில் சுற்றி, வெயில் படாத கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குத் தள்ளி வையுங்கள். மோட்டார் கிளப்பும் ஓசோன் ரப்பரைக் கீறும், மொட்டைமாடிச் சூடு இறுக்கும். ஒரே செட்டில் மீஞ்சூரிலிருந்து வெளிவட்டச் சாலையில் நசரத்பேட்டை வழியாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்வருபவர்கள், ஓட்டம் முடிந்ததும் காற்றைக் கம்பெனி அளவுக்கு இறக்கி, ட்ரெட்டில் குத்தியிருக்கும் கல்லையும் கம்பியையும் பிடுங்கிவிட்டுக் கிளம்புங்கள்.