ஈகிள்ஸா, கவ்பாய்ஸா? 2025 பருவத்துக்கு நான் பிலடெல்பியாவின் பக்கம் நிற்பது ஏன்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் 2025 பருவத்தில் எந்த அணியின் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன்: பிலடெல்பியா ஈகிள்ஸ். தெற்கு நியூஜெர்சியில் குடியிருந்தவரை இது ஒரு கேள்வியாகவே எழவில்லை. டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்த பிறகு கேள்வி தினமும் எழுகிறது. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் தலைமையகமும் பயிற்சி அரங்கமும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. “இங்கே வந்தாயிற்று, இனி எங்கள் அணிதானே?” என்று நண்பர்கள் உரிமையோடு கேட்கிறார்கள். பழைய பாசத்தைக் காரணம் காட்டித் தப்பிக்க எனக்கு மனமில்லை. இரு அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். செப்டம்பர் 4, வியாழக்கிழமை, பருவத்தின் முதல் ஆட்டமே பிலடெல்பியாவில் இவ்விரு அணிகளுக்கும் இடையில்தான்.

தெரிந்த கதையை முதலில் முடித்துவிடலாம். கடந்த 2024 பருவத்தில் ஈகிள்ஸ் 14 வெற்றி, 3 தோல்வி. பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40–22 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். கவ்பாய்ஸ் 7 வெற்றி, 10 தோல்வி. நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டங்களும் 34–6, 41–7 என்று ஒருதலைப்பட்சமாக முடிந்தன. ஆனால் இந்த எண்களை வைத்து டல்லாஸை மட்டம் தட்டுவது நியாயமில்லை. அவர்களுடைய குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர்) டாக் பிரெஸ்காட் நவம்பர் 3 அன்று அட்லாண்டாவில் தொடைத் தசை கிழிந்து வெளியேறினார். அந்த இரு ஆட்டங்களிலும் அவர் இல்லை. அதற்கு முந்தைய 2023 பருவத்தில் 36 டச் டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் எறிதல்கள்) கொடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர் அவர். மதிப்புமிக்க வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் வந்தவர். அவர் முழு உடல்நலத்தோடு திரும்புகிறார். பந்தைப் பிடிக்கும் சீடீ லாம்புக்குத் துணையாக பிட்ஸ்பர்கிலிருந்து ஜார்ஜ் பிக்கன்ஸையும் கொண்டுவந்திருக்கிறார்கள். பந்தை எறிந்து முன்னேறுவதில் இந்த அணி யாருக்கும் சளைத்ததல்ல. உதைப்பவர் பிராண்டன் ஆப்ரி 60 யார்டுக்கு அப்பாலிருந்தும் மூன்று புள்ளி எடுத்துத் தருவார்.

ஆக, களத்தில் இறங்கும் திறமையை மட்டும் எடைபோட்டால் இடைவெளி கடந்த பருவம் காட்டிய அளவுக்குப் பெரிதல்ல. என் முடிவைத் தீர்மானித்தது திறமை அல்ல. ஓர் அணி தன் திறமைசாலிகளை எப்போது, என்ன விலைக்குத் தக்கவைத்துக்கொள்கிறது என்பது. இந்த லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-க்கு அது ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் கணக்கு அதற்குள்தான் அடங்க வேண்டும். ஒருவருக்கு அதிகமாகப் போன பணம் இன்னொருவரின் இடத்தைக் காலியாக்கும்.

இதை விளக்க, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2021-ஐவிட நல்ல உதாரணம் இல்லை. அன்று பத்தாவது தேர்வு டல்லாஸிடமும் பன்னிரண்டாவது பிலடெல்பியாவிடமும் இருந்தன. டல்லாஸ் விரும்பிய இரண்டு கார்னர்பேக்குகளும் (எதிரணி எறியும் பந்தைத் தடுக்கும் தற்காப்பு வீரர்கள்) எட்டாவது, ஒன்பதாவது தேர்வுகளிலேயே போய்விட்டார்கள். பிலடெல்பியாவுக்கோ பதினொன்றாவது இடத்திலிருந்த நியூயார்க் ஜயன்ட்ஸை முந்த வேண்டிய அவசரம். பரம எதிரிகளான இரு அணிகளும் அன்று இடம் மாற்றிக்கொண்டன. ஈகிள்ஸ் கூடுதலாக ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. பத்தாவதாக, பந்தைப் பிடிக்கும் டெவான்டா ஸ்மித் பிலடெல்பியாவுக்கு வந்தார். பன்னிரண்டாவதாக, எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் மைக்கா பார்சன்ஸ் டல்லாஸுக்குப் போனார். இருவரில் பெரிய வீரர் பார்சன்ஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கு பருவங்களில் 52.5 சாக் (பந்தை எறியுமுன் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது), ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12. அன்றைய கொள்முதலில் லாபம் டல்லாஸுக்கே.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். லீக் விதிப்படி புது வீரரின் ஒப்பந்தத்தை மூன்று பருவங்கள் முடிந்த பிறகுதான் நீட்டிக்க முடியும். 2024 தொடக்கத்தில் இருவருக்கும் அந்தக் கதவு ஒரே நேரத்தில் திறந்தது. ஈகிள்ஸின் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் ஏப்ரலிலேயே ஸ்மித்திடம் மூன்றாண்டு நீட்டிப்பில் கையெழுத்து வாங்கிவிட்டார்: 7.5 கோடி டாலர், ஆண்டுக்கு 2.5 கோடி. அந்த ஸ்மித்தான் சூப்பர் பவுலின் மூன்றாம் கால் பகுதியில் 46 யார்டு பாஸைப் பிடித்து ஆட்டத்தை 34–0 ஆக்கியவர்.

டல்லாஸ் காத்திருந்தது. அப்போது குவார்ட்டர்பேக் அல்லாதவர்களில் உச்ச ஆண்டுச் சம்பளம் நிக் போசாவின் 3.4 கோடி. 2025 மார்ச்சில் மேக்ஸ் கிராஸ்பி அதை 3.55 கோடியாக்கினார்; அதே மாதம் மைல்ஸ் காரெட் 4 கோடிக்குக் கொண்டுபோனார்; ஜூலையில் டி.ஜே. வாட் 4.1 கோடி. ஒவ்வொரு கையெழுத்தும் பார்சன்ஸின் விலையை ஏற்றியது. மார்ச்சில் நேரில் பேசியே விஷயம் முடிந்துவிட்டதாக உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் நினைத்தார். முகவர் இல்லாத பேச்சு ஒப்பந்தம் ஆகாது என்றது வீரர் தரப்பு. ஆகஸ்ட் 1 அன்று பார்சன்ஸ் தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டார். முதுகுவலி என்று பயிற்சியிலிருந்தும் விலகியிருந்தார். கடைசி முன்பருவ ஆட்டத்தின்போது எல்லைக்கோட்டுக்குப் பின்னாலிருந்த மருத்துவ மேசையில் அவர் படுத்திருந்த காட்சி ஊரெங்கும் பேச்சாயிற்று. ஆகஸ்ட் 28 அன்று அவர் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு நான்கு ஆண்டுக்கு 18.8 கோடி, ஆண்டுக்கு 4.7 கோடி. டல்லாஸுக்குக் கிடைத்தது இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் கென்னி கிளார்க் என்ற தடுப்பு வீரரும். 2024 ஏப்ரலில் கேட்டிருந்தால் பார்சன்ஸ் நிச்சயம் ஒப்புக்கொண்டிருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைய பேரம் 3.4 கோடிக்குப் பக்கத்தில் தொடங்கியிருக்கும் என்பது நிச்சயம்.

இது ஒருமுறை நடந்த தவறு அல்ல என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பிரெஸ்காட்டின் முதல் ஒப்பந்தம் 2019-இல் முடிந்தது. ஓராண்டு தற்காலிக ஏற்பாட்டில் அவரை ஆடவைத்துவிட்டு 2021 மார்ச்சில்தான் 16 கோடிக்குக் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தையும் கடைசி ஆண்டு வரை ஓடவிட்டார்கள். மறுபடி அதே தற்காலிக ஏற்பாட்டில் கட்டிப்போட முடியாது என்ற நிபந்தனையை அவர் அதில் சேர்த்துவைத்திருந்தார். பேரத்தின் கயிறு முழுதும் அவர் கையில். 2024 செப்டம்பர் 8, முதல் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது, நான்காண்டுக்கு 24 கோடி என்று முடிந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, முகாம் முழுவதையும் புறக்கணித்திருந்த லாம்புக்கு 13.6 கோடி.

பிலடெல்பியாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 2023 ஏப்ரலிலேயே, பழைய ஒப்பந்தத்தில் ஓராண்டு மிச்சமிருக்கும்போதே, ஐந்தாண்டு நீட்டிப்புக்குக் கையெழுத்திட்டார்: 25.5 கோடி. அன்று அது லீக்கின் உச்சம். பலர் புருவம் உயர்த்தினார்கள். பத்து நாளில் லாமர் ஜாக்சன் அதைத் தாண்டினார், பிறகு ஹெர்பர்ட், பிறகு பர்ரோ. உச்சவரம்பும் 2023-இல் 22.48 கோடி, 2024-இல் 25.54 கோடி, 2025-இல் 27.92 கோடி என்று ஏறியிருக்கிறது. ஆண்டுச் சராசரியை மட்டும் வைத்துப் பார்த்தால், ஹர்ட்ஸின் 5.1 கோடி கையெழுத்தான ஆண்டில் உச்சவரம்பில் கிட்டத்தட்ட 23 சதவீதம். 2025-இல் 18 சதவீதம்தான். பிரெஸ்காட்டின் 6 கோடி 2025-இலும் 21 சதவீதத்துக்கு மேல். மனை விலை ஏறிக்கொண்டே போகும் ஊரில் முந்திப் பத்திரம் முடிப்பவருக்கும் கடைசிவரை யோசிப்பவருக்கும் உள்ள வேறுபாடுதான் இது. அந்த மிச்சத்தில்தான் 2025-இல் பிலடெல்பியா ஏ.ஜே. பிரவுனையும் ஸ்மித்தையும் ஜோர்டன் மைலாட்டாவையும் லாண்டன் டிக்கர்சனையும் ஒரே அணியில் வைத்திருக்கிறது.

ரோஸ்மனின் வழியில் ஆபத்தும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். முன்பணமாகத் தரும் போனஸை ஐந்து ஆண்டுவரை பிரித்துக் கணக்கில் எழுதலாம். வீரர் ஆடவே போகாத வெற்று ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்து அவர் இந்தச் சலுகையை முழுக்கப் பயன்படுத்துகிறார். 5 கோடி கொடுத்தாலும் இந்த ஆண்டுக் கணக்கில் 1 கோடிதான் ஏறும். ஆனால் அந்த வீரர் பாதியில் வெளியேறினால் மிச்சம் முழுவதும் அணியின் தலையில் விழும். வயதாகும் வீரர் ஒருவரைத் தவறாகக் கணித்தால்கூட வலிக்கும். இதுவரை உச்சவரம்பு ஏறிக்கொண்டிருப்பதால் அந்த வலி தெரியவில்லை.

எல்லோரையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. சூப்பர் பவுலில் சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள். அதில் இரண்டரை ஜாஷ் ஸ்வெட்டுடையது, இரண்டு மில்டன் வில்லியம்ஸுடையது. ஸ்வெட் அரிசோனாவுக்குப் போய்விட்டார். வில்லியம்ஸ் 10.4 கோடி ஒப்பந்தத்தில் நியூ இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பிராண்டன் கிரஹாம் ஓய்வு பெற்றார். அவர்கள் இடத்தில் ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ், நோலன் ஸ்மித் என்று டிராஃப்டில் எடுத்து வளர்த்தவர்கள் நிற்கிறார்கள். கார்ட்டரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வெளி ஓரத்திலிருந்து பாயும் வேலையில் மற்றவர்கள் முழுப் பருவமும் தாங்குவார்களா என்பதில் என் நம்பிக்கை சற்றுக் குறைவுதான். தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபேன்ஜியோ இருப்பது ஆறுதல்.

தாக்குதல் பக்கம் இரண்டு கவலைகள். தாக்குதல் பயிற்சியாளர் கெல்லன் மோர் நியூ ஆர்லியன்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார்; அவர் இடத்துக்கு வந்திருக்கும் கெவின் பட்டுலோ ஒரு முழுப் பருவத்துக்கு ஆட்ட உத்திகளைத் தீர்மானித்துச் சொன்னவர் அல்ல. 2023-இலும் இப்படித்தான் பொறுப்பு கைமாறியது. அந்தப் பருவம் 10 வெற்றி, 1 தோல்வி என்று தொடங்கிச் சரிந்து, டாம்பாவில் 32–9 தோல்வியில் முடிந்தது. அந்த ஞாபகம் இன்னும் ஆறவில்லை. அடுத்தது சேக்குவான் பார்க்லி. கடந்த பருவத்தில் 345 முறை பந்தைச் சுமந்து 2,005 யார்டு ஓடினார். பிளே ஆஃப் ஆட்டங்களையும் சேர்த்தால் 2,504. 2,000 யார்டைத் தாண்டிய எவரும் அதை இரண்டாம் முறை செய்ததில்லை. அவருக்கு 28 வயது. அதே எண்ணை மறுபடி எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். 1,300 யார்டு ஓடினாலே அந்த முன்வரிசைக்குப் பின்னால் அணி நகரும்.

டல்லாஸ் தரப்பில் புதுத் தலைமைப் பயிற்சியாளர் பிரையன் ஷாட்டன்ஹைமருக்கு இதுதான் முதல் தலைமைப் பொறுப்பு. சாக் மார்ட்டின் ஓய்வு, டிமார்கஸ் லாரன்ஸ் சியாட்டிலில். டிராஃப்டில் எடுத்த டைலர் புக்கர் மார்ட்டினின் இடத்தை நிரப்ப வேண்டும். பார்சன்ஸ் பேரத்தின் பலன் 2026, 2027 டிராஃப்டுகளில் வரும். நீண்ட நோக்கில் அது நல்ல பேரமாகவே முடியலாம். ஆனால் இந்த செப்டம்பரில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை யார் துரத்துவது? பிரெஸ்காட் 30 புள்ளி எடுத்துக் கொடுத்தும் தோற்கும் ஆட்டங்கள் சில இருக்கும் என்று அஞ்சுகிறேன். செப்டம்பர் 28 அன்று பார்சன்ஸ் பச்சை–மஞ்சள் சட்டையில் ஆர்லிங்டனுக்கே வருகிறார். அந்த இரவு இந்த ஊர் எப்படி இருக்கும் என்று நினைக்கவே பாவமாக இருக்கிறது.

என் கணிப்பு: ஈகிள்ஸ் 12 வெற்றி, கவ்பாய்ஸ் 8. இவ்விரு அணிகளும் ஆடும் பிரிவில் 2004-க்குப் பிறகு 2024 வரை எந்த அணியும் அடுத்தடுத்து இரு முறை முதலிடம் பிடித்ததில்லை. ஜேடன் டேனியல்ஸின் வாஷிங்டனும் குறுக்கே நிற்கிறது. அதனால் பிரிவுப் பட்டத்தை உறுதி என்று சொல்லத் துணிய மாட்டேன். பிளே ஆஃப் நிச்சயம் என்பேன்.

டல்லாஸ் திருந்தும் அறிகுறியும் இருக்கிறது: ஒசா ஓடிகிசுவாவை மார்ச்சிலும் ஜேக் ஃபெர்குசனை ஜூலையிலும் முந்தியே ஒப்பந்தத்தில் கட்டிவிட்டார்கள். அடுத்து முன்வரிசையின் டைலர் ஸ்மித். பிலடெல்பியாவுக்கோ பருவம் முடிந்ததும் ஜேலன் கார்ட்டருக்கு அந்த மூன்று பருவக் கதவு திறக்கும். அவருடைய விலை இப்போதே ஏறிக்கொண்டிருக்கிறது. மார்ச், ஏப்ரலுக்குள் ரோஸ்மன் கையெழுத்து வாங்கிவிடுவார் என்று எதிர்பார்க்கிறேன்.