வாசிப்புப் பேனாவா, கையில் இருக்கும் போனா?

டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு வாசிப்புப் பேனா, போன் இரண்டில் எதைக் கொடுப்பது என்று பெற்றோர் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டும் அச்செழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும். பேனாவை வரிமேல் ஓட்ட வேண்டும்; போனில் பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும்.

விலை: பேனா பல ஆயிரம் ரூபாய். போனில், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் கூகுள் லென்ஸ் வசதி இலவசம்.

தமிழ்: இதுதான் முக்கியம். பேனாக்களில் பல ஆங்கிலத்துக்கென்றே வந்தவை. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஓட்டிப் பயனில்லை. லென்ஸ் தமிழையும் படிக்கும். ஆனால் பக்கம் வளைந்திருந்தாலோ வெளிச்சம் குறைந்தாலோ புள்ளி தவறிவிடும். 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். புத்தகத்தை நன்றாக விரித்து, ஜன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள்.

கவனம்: பேனா ஓடும் வரியிலேயே பிள்ளையின் கண்ணும் ஓடும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். போனில் அறிவிப்புகள் வந்து இழுக்கும். அவற்றை அணைத்துவிட்டுக் கொடுங்கள்.

தேர்வு: போன் கிடையாது. பேனாவுக்கும் முன்அனுமதி தேவைப்படும். அதனால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது.

தமிழ்வழிப் பிள்ளைக்குச் சந்தேகமில்லாமல் போன். ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டிய, யார் துணையும் இல்லாமல் படிக்க விரும்பும் பெரிய பிள்ளைக்குப் பேனா. வாங்கும்முன் பிள்ளையின் புத்தகத்திலேயே ஒரு பக்கம் ஓட்டிப் பாருங்கள்.