மலையகத்தின் ஈரத்துக்கு லேண்ட் ரோவரா, மிட்சுபிஷி ஜீப்பா?

இலங்கையின் மலையகத்தில் பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க விரும்புகிறவர் எத்தனை இடம் சுற்றினாலும், கடைசியில் பெரும்பாலும் இரண்டு வண்டிகளுக்கு இடையில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று, 1961 முதல் 1971 வரை வெளிவந்த லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ. மற்றது, 4டீஆர்5 டீசல் என்ஜின் பூட்டிய மிட்சுபிஷி ஜீப். நான் 88 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட லேண்ட் ரோவரைத் தெரிவுசெய்து, தலவாக்கலையில் வைத்துப் புதுப்பித்து, இப்போதும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கமே சாயும். ஜீப்பைப் பொறுத்தவரை, உறவினர் ஒருவரின் வண்டியைப் பிரித்துப் பூட்டும்போது கூட நின்றதும், அதை மழைக்காலத்தில் ஓட்டியதுமே என் அனுபவம். சொந்தமாக வைத்துப் பராமரித்தவர்கள் வேறு விதமாகச் சொல்லவும் கூடும்.

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப் ஒன்றை ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் பயன்படுத்திவந்தவர், ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ். அதற்கு மாற்றாக ஒரு பிரித்தானிய வண்டியைச் செய்ய அவர் முனைந்ததன் விளைவே, 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர். போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்கு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது என்பதால், உடலுக்கு பேர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலப்புத் தகட்டைப் பயன்படுத்தினார்கள். மிட்சுபிஷியோ வில்லிஸிடம் உரிமம் பெற்று, 1953 முதல் 1998 வரை, அந்த அமெரிக்க வடிவத்தை உருக்கு உடலுடனேயே தொடர்ந்தது. தட்டுப்பாட்டின் காரணமாக எங்கோ எடுக்கப்பட்ட அந்த அலுமினிய முடிவுதான் நமது மலைகளில் இந்த இரண்டு வண்டிகளின் ஆயுளையும் வேறுபடுத்துகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் பகுதிக்கு அவை வந்த காலமும் வேறு. லேண்ட் ரோவர்கள் தோட்டத் துரைமார் காலத்தவை; ஏற்றமும் சேறுமான தோட்டப் பாதைகளில் மலைக்கு மலை சுற்றியவை. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் அந்த வரவைக் குறைத்தன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பானிய வண்டிகள் பெருகின. ஆகவே இன்று விலைக்கு வரும் சீரிஸ் 2ஏ ஒன்று குறைந்தது ஐம்பது வருட மழையைக் கண்டிருக்கும். ஜீப் பெரும்பாலும் அதைவிட இளையது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தித் தளத்தைத் தட்டிப் பார்த்தால், வயது தலைகீழாகத்தான் தெரியும்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். சொகுசு இரண்டிலும் இல்லை. பட்டை ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும் கொடுக்கிற ஓட்டம்தான் கிடைக்கும். 2ஏ வண்டியின் முதல் இரண்டு கியர்களுக்கும், கியர் மாற்றும்போது வேகத்தைப் பொருத்திக் கொடுக்கும் சிங்குரோமெஷ் கிடையாது என்பதால், கிளச்சை இரண்டு முறை மிதித்து கியர் மாற்றும் இரட்டைக் கிளச் பழகாதவர் ரம்பொடை இறக்கத்தில் சிரமப்படுவார். எரிபொருளில் ஜீப் ஐயத்துக்கு இடமின்றி வெல்கிறது: அதன் 2,659 சிசி டீசல் என்ஜின், பாரத்தோடு ஏற்றம் ஏறும்போதும் குறைவாகவே குடிக்கும், லேண்ட் ரோவரின் 2,286 சிசி பெட்ரோல் என்ஜினோ லீற்றருக்கு ஆறு ஏழு கிலோமீற்றருக்கு மேல் தருவது அரிது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டி வாரக்கணக்கில் அளந்து எண்ணெய் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டிதான் தேவை என்றால், இந்த இடத்திலேயே ஜீப்பைத் தெரிவுசெய்வது நியாயமானது.

பழைய வண்டியைப் பழைய வண்டியாகவே காப்பாற்ற நினைப்பவருக்குத் தீர்மானமான விடயம் துரு. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ, மழை விட்ட பிறகும் பனிமூட்டம் இரும்பை உலர விடுவதில்லை. வெயிலில் நிறுத்திக் காயவைக்கலாம் என்ற பேச்சு ஜூன், ஜூலை மாதங்களில் இங்கு எடுபடாது.

ஜீப்பின் உடல், தளமும் பக்கத் தகடுகளும் முன்பகுதியும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே தொட்டி. கால்விரிப்புக்குக் கீழே இறங்கும் தண்ணீர் மூட்டுகளில் தங்கி, உடல் சசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உட்காரும் இடங்களை முதலில் தின்கிறது. அதை வெட்டி, ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். பற்றவைத்த சூட்டில் தகட்டின் பின்புறத்துப் பெயின்ட் எரிந்துபோய், கை எட்டாத அந்த இடம் வெறும் இரும்பாக நிற்பதால், ஒட்டின் விளிம்பிலேயே துரு மறுபடி தொடங்கும். என் உறவினரின் வண்டியில் சாரதி இருக்கைக்கு முன்னால் விரிப்பைத் தூக்கியபோது, வெவ்வேறு காலத்தில் வைத்த தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த கம்பனித் தகடு, திருப்புளியால் தொட்டதும் பப்படம் போல நொறுங்கியது. இந்த நிலையில் தகட்டு வேலை செய்யும் டின்கர் பாஸிடம் சொல்லி முழு உடலையும் புதிதாக அடிப்பதே நடைமுறை. அந்த உடல் பலமாக இருக்கும். ஆனால் கம்பனி அச்சில் வந்த வரிப்புகளும் வளைவுகளும் போய்விடும். சேகரிப்பவரின் கண்ணுக்கு அது பழைய ஜீப்பாகத் தெரியாது.

லேண்ட் ரோவர் போல்ட்டுகளால் பூட்டியது. முன் மட்கார்டுகள், கதவுகள், பின் தொட்டி எல்லாவற்றையும் ஸ்பானரோடு தனித்தனியாகக் கழற்றலாம். அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. உருக்குப் போல்ட் அதைத் தொடும் இடங்களில் மட்டும் வெள்ளைப் பொடி பூக்கும். என் வண்டியின் இடது மட்கார்டைக் கழற்றி, உட்புறத்தில் இறுகிப்போயிருந்த செம்மண்ணைக் கழுவியபோது, பழைய பச்சைப் பெயின்ட் மங்காமல் இருந்தது. போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையங்கள். சுரண்டி, பெயின்ட் பூசி, இடையில் ரப்பர் வைத்துப் பூட்டியதோடு அந்த வேலை முடிந்தது. அரிப்பு எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் இந்த வண்டியின் பெரிய பலம்: நான்கு தகடுகளைப் பெட்டியாகப் பற்றவைத்த சசி, அதன் பின் குறுக்குச் சட்டம், முன்பகுதியைத் தாங்கும் பக்கக் கைகள், என்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் இடையில் நிற்கும், கால் வைக்கும் குழிகளும் கதவுத் தூண்களும் கொண்ட உருக்குத் தடுப்பு. சசி உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும் என்பதால் வெளிப் பெயின்ட்டை நம்பக் கூடாது. மே மாதத்து மழைக்கு முன் துளைகள் வழியாகத் தண்ணீர் பீச்சிச் சேற்றை இறக்கி, நன்றாக உலரவிட்டு, உள்ளே ஒயில் விசிறினால் அந்த வருடத்துக்குப் போதும். சசி கைவிட்டாலும் நாகமுலாம் பூசிய புதிய சசியைப் பிரித்தானியாவில் இன்றும் செய்கிறார்கள். அதை இறக்குமதி செய்வது பெருஞ்செலவு என்றாலும், பழைய உடலை அதன் மேல் அப்படியே உட்கார்த்தலாம்.

அலுமினியத்துக்கும் ஒரு விலை உண்டு. நெளிந்த தகட்டை நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் அது இறுகி வெடிக்கும். அனுபவமுள்ள ஒரு பாஸ் தகட்டில் சவர்க்காரத்தைத் தேய்த்து, காஸ் சுவாலையை மேலோட்டமாகக் காட்டி, சவர்க்காரம் கறுத்ததும் சுவாலையை எடுத்து, ஆறவிட்ட பிறகே தட்டத் தொடங்குவார். "சுத்தியல எடுக்க முந்தி சவர்க்காரத்தப் பாருங்க தம்பி" என்று எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தது, சூடு மிஞ்சினால் அலுமினியம் நிறம் மாறிக் காட்டாமலே உருகிவிடும் என்பதற்காக. வெடித்த தகட்டை ஒட்ட ஆர்கன் வெல்டிங் வேண்டும். சிறிய நகரங்களில் அது எல்லாக் கராஜிலும் கிடைப்பதில்லை.

உதிரிப்பாகங்களில் இரண்டும் ஏறத்தாழச் சமம். 4டீஆர்5 என்ஜின் மிட்சுபிஷி கென்டர் லொறியிலும் வந்ததால், அதன் பாகங்களைக் கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பிடிப்பது எளிது. லேண்ட் ரோவரின் பாகங்கள் இலக்கத்தைச் சொன்னால் பிரித்தானியாவிலிருந்து வரும். ஆனால் காத்திருக்க வேண்டும். முன் அச்சின் இரு முனைகளிலும் உள்ள குரோம் உருண்டைகளை வாங்கும்போதே தடவிப் பாருங்கள். குரோம் குழிவிழுந்திருந்தால் ஒயில் சீல் எத்தனை மாற்றினாலும் ஒழுகும். கியர்பெட்டியில் பழைய பிரித்தானிய மரைகள் இருப்பதால், மெட்ரிக் ஸ்பானர்களை மட்டும் வைத்திருக்கும் கராஜில் அதைக் கொடுத்து நட்டுகளின் மூலைகளை இழக்க வேண்டாம்.

மறுவிற்பனை பற்றி உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். 2020 மார்ச் முதல் பல வருடங்கள் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிகள் எல்லாமே விலையேறின. அந்த விலையை நிலையானதாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் கண்டவரை, சொந்தப் பெட்ரோல் என்ஜினோடு இருக்கும் லேண்ட் ரோவரையும் ஜப்பானிய டீசல் மாற்றிய லேண்ட் ரோவரையும் சேகரிப்பவர்கள் ஒரே தராசில் வைப்பதில்லை. சிங்கள எழுத்தில் ஸ்ரீ எனப் பொறித்த பழைய இலக்கத் தகடும் விலையைக் கூட்டுகிறது. 1958 இல் அந்த எழுத்தின் மேல் தமிழர்கள் தார் பூசிப் போராடிய வரலாறு மலையகத்திலும் மறக்கப்படவில்லை என்பதால், அந்தத் தகட்டை ஆசையோடு கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அது வெறும் பழம்பொருளாகத் தோன்றுவதில்லை. எப்படியானாலும், சசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தாத வண்டியை, மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படும் வரை வாங்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜீப்பே வேண்டும் என்பவர், என்ஜினைக் கேட்டு மயங்குவதற்கு முன் ஒரு சிறிய காந்தத்தோடு போகட்டும். கதவு வாயிலின் கீழ் விளிம்பிலும் பின் சக்கர வளைவிலும் அதை வைத்துப் பார்த்து, ஒட்டாத இடங்களில் பட்டி எவ்வளவு தடிப்பு என்று கணக்கெடுத்து, கால்விரிப்பைத் தூக்கச் சொல்லித் தளத்தை அடியிலிருந்தும் பார்த்து, முழு உடலையும் புதிதாக அடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம்.