ஸ்போர்ட்ஸ் கார் டிரிம்: ஸ்டிக்கரா, பெயின்டா, கார்பனா, தோலா?

பழைய போர்ஷேயோ ஃபெராரியோ வைத்திருப்பவர்களுக்கு என்ஜினைவிட உள்ளே இருக்கும் டிரிம்தான், அதாவது டேஷ்போர்டுப் பட்டை, கைப்பிடி, பட்டன் போன்ற உள்துண்டுகள்தான், முதலில் வயதைக் காட்டிக்கொடுக்கும். ஃபெராரி 360, எஃப்430 மாடல்களில் பட்டன்கள் மீதும் முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோல் மீதும் ரப்பர் மாதிரி ஒரு மென்பூச்சு உண்டு. வெயிலிலும் ஈரக்காற்றிலும் அது பிசுபிசுத்துப் போய் விரலில் கறுப்பாக ஒட்டும். வடசென்னையில் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கடலைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு இரண்டுக்குமே பஞ்சமில்லை. மற்ற பிராண்டுகளில் கைப்பிடி கீறிப்போகும், கியரைச் சுற்றியுள்ள வெள்ளிப் பூச்சு தேய்ந்துவிடும்.

புதிதாக என்ன போடலாம் என்று யோசிக்கும்போது எல்லாரும் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்க முடியுமா? இந்த வண்டிகளின் டிரிம் உடைந்தால் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் போய் உடனே வாங்கிவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்க வரியும் கட்டிக் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரிஜினல் துண்டைக் கெடுக்காத வழிக்குத்தான் என் முதல் ஓட்டு.

கழற்றும்போதே பாதி வேலை கெட்டுவிடுகிறது, அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே ஏர்பேக் பக்கம் கை போக வேண்டும். மஞ்சள் நிற கனெக்டரைப் பார்த்தால் அது ஏர்பேக் லைன் என்று புரிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரில் துணியைச் சுற்றி நெம்புவது வேண்டாம். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் அதிக விலை இல்லை. பிளாஸ்டிக் சூடாக இருந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஏசி குளிரில் இருந்தால் பட்டென்று லாக் முறியும். அதனால் வண்டி கொஞ்சம் வெயிலில் நின்ற பிறகு கழற்றுவது நல்லது. திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு கிளிப்பின் பின்னாலும் துணி டேப் ஒட்டிவிடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் உண்டாக்கிய பள்ளங்களில் ஒரு தடவை போய் வந்தால் எந்த கிளிப் சரியாக உட்காரவில்லை என்று கடகடவெனத் தெரிந்துவிடும்.

இனி ஒவ்வொன்றாக. ஸ்டிக்கர், அதாவது வினைல் ரேப், பணத்துக்கும் பத்திரத்துக்கும் முதலிடம். 3எம் 2080, ஏவரி டெனிசன் போன்ற காஸ்ட் வகைப் படலத்தின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. தான். அதனால் சுற்றிய துண்டு பழைய இடத்திலேயே உட்காரும். டேஷ்போர்டின் நீளப் பட்டை, கன்சோல் மூடி போன்ற தட்டையான இடங்களில் அழகாக வரும். ஆழமான குழிவில் இழுத்து ஒட்டினால் சில வாரங்களில் சுருங்கி ஓரம் தூக்கும். வளைவுகளை ஹீட் கன்னால் கடைசியாக ஒரு முறை நன்றாகச் சூடேற்றி நிலைப்படுத்தாத கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். பிராண்டு சரிதானா என்று ரோலின் பின்தாளைக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: அடியில் இருக்கும் பெயின்ட் ஏற்கனவே பொரிந்திருந்தால் ஸ்டிக்கரை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வரும்.

அடுத்தது பெயின்ட். பிசுபிசுத்து விரலில் ஒட்டும் பட்டன்களுக்கு இது ஏற்றது. பழைய பிசுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பொறுமையாகத் துடைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பிரைமர், அதன் மேல் அதிகம் பளபளக்காத (சாட்டின்) 2கே பூச்சு, அதாவது இறுக்கியைக் கலந்து அடிக்கும் பெயின்ட். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் டிங்கரிங் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பம்பருக்கு அடிக்கும் கையும் பட்டனுக்கு அடிக்கும் கையும் வேறு. கனமாக அடித்தால் பட்டனில் உள்ள குறியே மூழ்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் அடிக்கும் மூடிய அறை (பூத்) இல்லாமல் அடித்தால் ஈரம் ஏறி வெளுத்துப் போகும். ஒரு முறை அடித்துவிட்டால் துண்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஹைட்ரோ டிப், அதாவது நீரில் மிதக்கும் அச்சுப் படலத்தில் துண்டை முக்கி எடுப்பது, எனக்குப் பிடிக்காது. கார்பன் மாதிரி, மரம் மாதிரி என்று எல்லாமே மாதிரிதான். இவ்வளவு நல்ல வண்டியில் அது வேண்டாம்.

நிஜ கார்பன் இழைத் துணியை எபாக்சி என்ற இறுகும் பிசினால் மேலே ஒட்டுவது பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் பிளாஸ்டிக்கின் மேலேயே ஒட்டுவதால் எடை குறையாது, கூடும். ஈரக்காற்றில் எபாக்சி மேற்பரப்பில் மெழுகு மாதிரி ஒரு படலம் எழும்பும். அதைக் கழுவாமல் அடுத்த கோட் போட்டால் ஒட்டாது. அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்சி, மூடிய கார் வெயிலில் கொதிக்கும்போது இளகும். அடுப்பில் வைத்து முறையாக இறுக்கும் ஆள் கிடைத்தால் செய்யுங்கள், டேஷ்போர்டின் மேற்பகுதியைத் தவிர. அங்கே பளபளப்பு கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும்.

தோல்தான் என் தேர்வு. வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: தோல் வியாபாரத்துக்குப் பெயர்போன பெரியமேடு பக்கத்திலேயே இருக்கிறது. கையால் தடவி, மடித்து, மடிப்பில் விரிசல் விழுகிறதா என்று பார்த்து வாங்கலாம். டிரிமுக்கு ஒரு மி.மீ.க்குள் இருக்கும் தோல் போதும். வேலையின் சூட்சுமம் ஓரத்தில் இருக்கிறது. தையல்காரர் ஓரத்தைக் கத்தியால் தாள் கனத்துக்குச் சீவி, பின்பக்கம் மடித்து, வெப்பம் தாங்கும் பசையால் (சொல்யூஷன்) ஒட்ட வேண்டும். சீவாமல் மடித்தால் ஓரத்தில் கனம் இரட்டிக்கும். கதவு கைப்பிடி அதன் குழியில் உட்காராது, அழுத்தி மாட்டினால் கிளிப் போகும். ஏசி வென்ட்டின் சின்னப் பட்டைகளுக்குக்கூட போர்ஷே தொழிற்சாலையே தோல் சுற்றித் தரும், பார்த்தால் ஆசையாக இருக்கும். நம் தெருவில் அதை முயல வேண்டாம், பட்டைகள் இறுகி அசையாமல் போகும். பயணி பக்க ஏர்பேக் மூடியிலும் எந்தப் புதுத் தோலும் கூடாது. அது கிழிந்து திறப்பதற்காகச் செய்யப்பட்டது.

அல்கான்டாரா தோலே அல்ல, பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்த இத்தாலியத் துணி. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது என்பதால் டேஷ்போர்டு மேலே அதற்கு ஈடில்லை. ஸ்டியரிங்கில் மட்டும் வேண்டாம். நம் வியர்வைக்கு மயிரிழைகள் படிந்து மினுங்க ஆரம்பிக்கும்.

கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் ஆகும் என்றால், கதவு இழுப்பானுக்கும் கியர் சுற்றுக்கும் தோல் போடுங்கள். மற்ற பட்டைகளை ஸ்டிக்கரிலேயே விட்டுவிடலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.